முனிரத்தினத்தின் மீன் கிண்ணம்

நாற்பது வயதுவரை ஹரிபாபு யாரைப் பார்த்தும் வயிறு எரிந்தவனில்லை. கங்காதர நெல்லூர்ப் பக்கத்தில் அடுத்தவர் கொல்லையில் கூலிக்குக் கரும்பு வெட்டிய குடும்பம் அவனுடையது. அவன் நைனாவின் கடைசிக் காலத்தில்தான் சொந்தமென்று ஒரு துண்டு மேட்டு நிலம் கைக்கு வந்தது. கூடப் படித்தவர்கள் மாடி வீடு கட்டினார்கள், கார் வாங்கினார்கள். அவன் கரும்பு லாரி ஓட்டி இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்தான். "அவுங்கவுங்க தலையில எழுதனது" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பான். பிறகு ஸ்ரீசிட்டியில் கம்பெனிகள் பெருகியபோது சூளூர்பேட்டைக்கு வந்து, வேலைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கும் வேனில் டிரைவராகச் சேர்ந்தான்.

அந்த வேனில்தான் யமுனா வந்தாள். ஜப்பான் இன்ஜினியர்கள் தங்கும் விருந்தினர் விடுதி ஒன்றில் அறை சுத்தம் செய்யும் வேலை அவளுக்கு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்காருவாள். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, ஒருநாள் அவளோடு வேலை செய்யும் சபீனாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அந்தம்மாவுக்கு ஒரு தபா கல்யாணம் ஆயிடுச்சிண்ணா. ஊட்டுக்காரரு காய்ச்சல்ல போயிட்டாரு, பாவம்," என்றாள் சபீனா. "எனக்கு அது ஒரு பொருட்டில்ல," என்றான் ஹரிபாபு. சொன்னபோது அது உண்மையாகத்தான் இருந்தது.

திருச்சானூரில் தாலி கட்டினான். யமுனா ஒரு பெட்டித் துணியோடும் சில பாத்திரங்களோடும் அவன் வாடகை வீட்டுக்கு வந்தாள். பாத்திரங்களுக்கு நடுவில், பழைய புடவைத் துண்டில் சுற்றிய வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று இருந்தது. உள்ளே அடியில் நீல நிறத்தில் ஒரு மீன். அதை யமுனா சமையலறை மேல்தட்டில் தனியாக வைத்தாள்.

"இன்னாது அது?" என்று கேட்டான்.

"அவரு கூழு குடிக்கிற கிண்ணம். அடில மீனு தெரியிற வரிக்கும் கீழ வெக்கமாட்டாரு."

அவரு. அந்த ஒரு சொல்தான் முதலில் முள்ளாகக் குத்தியது. சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை பார்த்துச் செத்துப்போன முதல் புருஷன் முனிரத்தினம் 'அவரு'. காலையில் எழுந்து தண்ணீர் பிடித்து வைக்கிற ஹரிபாபு 'நீ'. "நீ துன்னியா", "நீ எப்ப வருவ", "நீ இன்னா இப்பிடி பண்ற". ஒரு சொல்லுக்காகவா மனிதன் குமைவான் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். குமைந்தான்.

அதன்பிறகு எதைப் பார்த்தாலும் முனிரத்தினமே தெரிந்தான். கூழுக்கு அவள் மோர்மிளகாய் வறுத்தால், இது அவனுக்குப் பிடித்ததோ என்று தோன்றும். அவள் சன்னலோரம் சும்மா நின்றால், எதை நினைத்து நிற்கிறாள் என்று தோன்றும். உயிரோடு இருக்கிறவனென்றால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். அவனைவிட நன்றாகச் சம்பாதிக்கலாம், நன்றாக உடுத்தலாம். செத்தவனுக்குக் கோபம் வராது, தலை நரைக்காது, குறட்டை விடமாட்டான். அவனை எதில் ஜெயிப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹரிபாபு ஸ்டூல்மேல் ஏறி, அதே மேல்தட்டின் ஓரத்திலிருந்து மிக்சியை இறக்கினான். அதன் ஒயர் கிண்ணத்தில் சுற்றியிருந்ததை அவன் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. கிண்ணம் தரையில் விழுந்து சிதறியது. யமுனா ஓடிவந்து பார்த்தாள். குந்தி உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கினாள்.

ஹரிபாபுவுக்கு உள்ளே ஏதோ இறங்கிப்போனது போல் லேசாக இருந்தது. அதை மறைக்க அவனும் பொறுக்கினான். சமையலறை வாசலை ஒட்டிய கட்டிலுக்கு அடியில் ஒரு துண்டு போய்க் கிடந்தது. கட்டைவிரல் அகலம்தான். மீனின் தலையும் கண்ணும் அதில் இருந்தன. எடுத்தான். அவள் முதுகு இந்தப் பக்கம் இருந்தது. துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தான். நாலு நாள் கழித்து வேனில் சபீனா சொன்னாள்: "அண்ணா, யமுனாக்கா விடுதியில புது வேலை கத்துக்கினு கீது. யூகோ அம்மான்னு ஒண்ணு கீது, பெரிய இன்ஜினியரு பொண்டாட்டி, அந்தம்மா ஒடஞ்ச பீங்கான ஒட்டி, ஒட்டுன எடத்துல தங்கப்பொடி போடுது. அவுங்க ஊர்ல அப்பிடித்தானாம். விரிசல மறைக்கமாட்டாங்களாம், மினுக்க உடுவாங்களாம்."

ஹரிபாபு பிரேக்கை வேகமாக மிதித்துவிட்டான். பின்னால் இருந்தவர்கள் தெலுங்கில் திட்டினார்கள்.

யமுனா மறைக்கவில்லை. அன்று மாலையே ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். ஏதோ ஒரு மரத்துப் பாலில் கோதுமை மாவைக் குழைத்து விளிம்புகளில் தடவி, துண்டுகளைச் சேர்த்து, பெட்டிக்குள் ஈரத்துணி போட்டு மூடிவைத்தாள். அந்தப் பால் ஈரக்காற்றில்தான் இறுகுமாம். அவசரப்பட்டால் விட்டுப்போகுமாம். பழவேற்காட்டு ஏரிக் காற்று வீசும் ஊருக்கு ஈரத்துக்கா பஞ்சம்? வாரக்கணக்கில் இதே வேலை. இறுகியதைத் தேய்ப்பாள், மறுபடி தடவுவாள், மறுபடி மூடுவாள்.

சேங்கொட்டைப் பால் பட்டது போல அவள் மணிக்கட்டெல்லாம் தடித்துச் சிவந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, சொறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைக் கண்டு ஹரிபாபுவுக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். 'எனக்காக இவள் ஒரு கொசுக்கடியாவது பொறுத்துக்கொண்டிருப்பாளா' என்றுதான் வந்தது. வேலை செய்யும்போது அவள் மெதுவாக முணுமுணுத்துப் பாடுவாள். அவன் காதைத் தீட்டிக் கேட்பான். பாட்டு பிடிபடாது. அதற்கும் எரியும்.

"ஒரு துண்டு கொறையிதுய்யா," என்றாள் ஒருநாள். "மீனோட தல. பெருக்கறப்ப எங்கியாவது பாத்தியா?"

"குப்பையில போயிருக்கும்," என்றான் அவன், முகத்தைப் பார்க்காமல். துண்டு அப்போது வேனில், சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது வேலை முடிந்திருந்தது. வாசல் வெளிச்சத்தில் கிண்ணம் இருந்தது. உடைந்த கோடுகளெல்லாம் தங்க நரம்புகளாக ஓடின. தலை இருந்த இடத்தைக் களிமண்ணும் பாலும் குழைத்து நிரப்பி, அதன்மேல் முழுக்கத் தங்கப்பொடி தூவித் தேய்த்திருந்தாள். நீல மீன் அந்தத் தங்கத்துக்குள் தலையை விட்டு நீந்துவது போலிருந்தது. முன்பு சந்தையில் வாங்கிய சாதாரணக் கிண்ணம். இப்போது கண்ணை எடுக்க முடியவில்லை. முனிரத்தினத்தை இன்னும் உயரத்தில் ஏற்றி வைத்தது தன் திருட்டுக் கைதான் என்று ஹரிபாபுவுக்குப் புரிந்தபோது அடக்க முடியவில்லை.

"செத்தவனுக்குத் தங்கம் பூசி கும்புடப்போறியா?"

யமுனா நிமிர்ந்து பார்த்தாள். "கிண்ணத்துக்குத்தான் பூசனேன்."

"அந்தத் தல எங்கிட்டதான் கீது."

"தெரியும்."

யமுனா கிண்ணத்தைச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள்.

"அந்த வாரம் துணி தொவைக்கசொல்லோ உன் சட்டையில பாத்தேன். திரும்ப அதுலியே போட்டு காயவெச்சேன். நீயா குடுப்பேன்னு பாத்தேன். கேட்டும் பாத்தேன். நீ குடுக்கல. அப்பறம் அது இல்லாமலே பண்ணிக்கினேன்."

"திட்டியிருக்கலாமே!"

"திட்டி வாங்கனா அது வெறும் ஓடு."

ஹரிபாபு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். தனக்கே கேட்காத குரலில், "அவனெ மட்டும் அவருங்கற. என்னெ நீன்ற," என்றான்.

யமுனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது. "அட பைத்தியக்கார மனுசா! அவரு உயிரோட இருக்கசொல்லோ அவரையும் நீ, வா, போன்னுதான் கூப்புட்டேன். எதிர்ல நிக்கிறவன எப்பிடி அவருன்றது? உன்ன எதுக்க வெச்சிக்கினு அப்பிடி கூப்புட முடியாது. விடுதியில சபீனாவ கேளு, அங்க உன்னையும் அவருன்னுதான் சொல்றேன்."

"அவன் நல்லவனா?"

"நல்லவருதான். கெட்டவருன்னு சொன்னா உனக்கு சந்தோசமா இருக்கும். சொல்லமாட்டேன்."

அது அவனைச் சுட்டது. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. கிண்ணத்தைப் பார்த்தபடியே கேட்டான்: "அதுல எனக்கு ஒருநாளு கூழு ஊத்திக் குடுப்பியா?"

"மாட்டேன்," என்றாள் யமுனா. "அது அவருது. உனக்கு வேணும்னா உன்னுது வாங்கு."

கார்த்திகை மாதப் பஞ்சமிக்குத் திருச்சானூர் போனபோது வாங்கினார்கள். கடைகடையாக ஏறி இறங்கி, எதைக் காட்டினாலும் ஹரிபாபு உதட்டைப் பிதுக்கினான். மீன் போட்டது வேண்டாம் என்றான். பூப் போட்டது பெண்பிள்ளைக்கு என்றான். கடைசியில், முனிரத்தினத்தினுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, கரும்பச்சை நிறத்தில் கனமான கிண்ணம் ஒன்றை எடுத்தான். கடைக்காரர், "மஞ்சி சரக்கு அன்னா, நல்ல சரக்கு, கீழ போட்டாலும் சீக்கிரம் உடையாது," என்றார். அதைக் கேட்டு யமுனா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

இப்போது விடுதியில் யாருடைய கோப்பை உடைந்தாலும் யமுனாவிடம்தான் வருகிறது. யூகோ அம்மா ஊருக்குத் திரும்பும்போது மீதிப் பொடியை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனாள். உடைந்தவற்றைத் துணியில் கட்டி வேனில் ஏற்றிக்கொண்டு வருவது ஹரிபாபு. ஒவ்வொன்றுக்கும், "இது யாருது? ஆம்பளையா, பொம்பளையா?" என்று கேட்காமல் விடமாட்டான். வேனில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது.

போன மாதம் ஒருநாள் யமுனா கொல்லைப்புறம் போனபோது, ஹரிபாபு துவைக்கிற கல்லருகே குந்தியிருந்தான். அவனுடைய பச்சைக் கிண்ணத்தின் விளிம்பைக் கல்மேல் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா பண்ற?"

திடுக்கிட்டுத் திரும்பினான். "ஒண்ணுமில்ல. அழுக்கு ஒட்டிக்கினு கீது."

"வேணும்னே ஒடச்சா ஒட்டித் தரமாட்டேன். தங்கம் அவ்ளோதான் கீது. ஒழுங்கா கழுவி வையி."

அவன் முகம் சின்னப்பிள்ளை போலத் தொங்கிப்போயிற்று. சாம்பலும் நாரும் எடுத்துக் கழுவினான். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. கிண்ணத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.