பொம்மைக்கு வடக்கே பதினாலு யூனிட்

பொங்கலுக்கு முந்தின வாரம். பாபநாசம் பெட்ரோல் பங்க்கில் ஸ்கூட்டரோடு நிற்கிறேன். எனக்கு முன்னால் ஏழு வண்டி. பின்னாலிருந்து "அண்ணே!" என்று ஒரு குரல். திரும்புவதற்குள் சத்தமே இல்லாமல் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவர் என் வடக்கு வீட்டுக்காரர் ராஜேந்திரன்.

"பெட்ரோல் போடவாண்ணே?"

பங்க் வரிசையில் நிற்பவன் பின்னே எதற்கு நிற்பான்... இட்லி வாங்கவா? "ஆமா தம்பி" என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

எனக்குப் பொறாமைங்க. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை மழை விட்டதும் மனிதர் மாடியில் சோலார் பேனல் போட்டார். அடுத்த வாரமே இந்த ஸ்கூட்டர். மாடியில் கரண்ட் எடுத்து, அதிலேயே சார்ஜ் போட்டு, ஊரைச் சுற்றுகிறார். என் மாடியிலும் அதே வெயில்தான் விழுகிறது. அதில் மோர் மிளகாய் காய்கிறது.

இதுவாவது பரவாயில்லை. தினமும் சாயங்காலம் அன்றைய கரண்ட் கணக்கைக் காட்ட காம்பவுண்ட் சுவருக்கு மேலே போனை நீட்டுவார். "இன்னைக்குப் பதினாலு யூனிட்டுண்ணே!" அவருக்கு ஆறு மா நிலம் உண்டு. அறுப்பு முடிந்து களத்தில் இத்தனை மூட்டை என்று கண்டுமுதல் சொல்வாரே, அதே குரல். என் மனைவி "ரொம்ப சந்தோஷம் தம்பி" என்பாள். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் மாடிக்குப் போனால், வடக்கு மாடியில் ஒருவன் என்னை முறைத்துக்கொண்டு நிற்கிறான். திருஷ்டி பொம்மை! பேனலுக்கு முன்னால் மூங்கில் நட்டு, வைக்கோல் திணித்த சட்டை மாட்டி, பூசணிக்காய்த் தலையில் மீசையும் நாக்கும் வரைந்து... முகம் நேராக என் வீட்டைப் பார்த்து. தெற்கே வேறு வீடே இல்லையா? இல்லை. நான் மட்டும்தான்.

அதன் பிறகு பதினாலு பன்னிரண்டானது. "யாரோ கண்ணு வச்சுட்டாங்கண்ணே" என்றார் ராஜேந்திரன். நான் தரையைப் பார்த்தேன். மறுநாளே அந்தப் பொம்மைக்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிதாக இரண்டாவது பொம்மை வந்தது. பன்னிரண்டு பத்தானது.

அன்று மதியம் மிளகாயைப் புரட்டப் போனபோதுதான் கவனித்தேன். தை மாதத்து வெயில் தெற்கிலிருந்து சாய்வாக அடிக்கிறதல்லவா? இரண்டு பொம்மைகளின் நிழலும் பேனல் மேல் கால் நீட்டிப் படுத்திருந்தது. வாங்க வக்கில்லாவிட்டாலும் சோலார் பற்றி எல்லாவற்றையும் படித்து வைத்திருக்கிறேனே! ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அதோடு கோத்த மற்றதும் சுணங்கும். திருட்டுக்குப் பயந்து வாசலை அடைத்தவன் தானும் உள்ளே போக முடியாமல் நின்ற கதை.

சொன்னேனா? இல்லை. பத்து நாள் சொல்லவில்லை. தினமும் மாடி ஏறி நிழலைப் பார்த்து, சிரித்துவிட்டு இறங்கினேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை சுவருக்கு மேலே போன் வரவில்லை. முகம் மட்டும் வந்தது.

"எல்லாத்தையும் கழட்டிடலாம்னு இருக்கேண்ணே. நமக்கு ராசி இல்லைன்னு வீட்ல ஒரே சண்டை. வயல்ல சோலார் மோட்டார் போடலாம்னு ஆசையா இருந்தேன்... அதையும் வேண்டாம்னுட்டேன்."

நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனால் ராத்திரிச் சோறு இறங்கவில்லை. மறுநாள் உச்சி வேளையில் அவரை என் மாடிக்கு அழைத்து வந்து நிழலைக் காட்டினேன்.

"எப்பண்ணே பார்த்தீங்க?"

"இப்பத்தான் தம்பி."

மிளகாய் அள்ளிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள். "பத்து நாளா மேல வந்து தனியா சிரிச்சீங்களே, இதுக்குத்தானா?"

ராஜேந்திரன் இறங்கிப் போய் இரண்டு மூங்கிலையும் பிடுங்கினார். ஞாயிற்றுக்கிழமை சுவருக்கு மேலே போன் வந்தது. பதினாலு. வயலுக்கும் மோட்டார் கேட்டு விவசாய ஆபீசுக்கு எழுதிப் போடப் போகிறாராம். எனக்கு நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. கூடவே வயிறும் எரிந்தது. ஒரே வயிற்றில் இரண்டும் இருக்கும் போலிருக்கிறது.

நானும் கடனை உடனை வாங்கி சோலாருக்குச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வந்து மாட்டுகிறார்கள். கேள்விப்பட்டு ராஜேந்திரன் வாசலுக்கே வந்தார், கையில் அந்தப் பெரிய பொம்மையோடு.

"உங்களுக்குத் தேவைப்படும்ணே. மாடியில வேண்டாம், நிழல் விழும். கேட்ல கட்டிக்கங்க."

கட்டிவிட்டேன். முகம் மட்டும் வடக்கே பார்த்து.