நல்ல முழங்காலுக்குத் தைலம்

எட்டாம் வகுப்போடு நின்றவன் வைத்தியம் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். அதுவும் வெளியே சொல்லக் கூசுகிற நோயைப் பற்றி... மன்னித்துக்கொள்ளுங்கள். வாராவாரம் இந்தப் பத்தியில் தேயிலை ஃபக்டரிக் கதை சொல்லும் எனக்கு இந்த வாரம் வேறு எதுவும் ஓடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மனைவியுடன் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்குப் புரஸ்டேட் புற்றுநோய் என்று அதற்கு முந்தின வாரமே சொல்லிவிட்டார்கள். இனி என்ன செய்வது என்று கேட்கத்தான் இந்தப் பயணம்.

கத்தி என்றால் எனக்குப் பயம். அதன்பிறகு சிறுநீர் அடங்காமல் இடுப்புச் சாரம் நனையுமாமே — அது அதைவிடப் பயம். லண்டனில் இருக்கும் மச்சான் போனில் ஒரு வழி சொல்லியிருந்தார். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிறார்களே, அந்த அல்ட்ராசவுண்ட். அதையே ஒரு புள்ளியில் குவித்துக் கட்டியைச் சுடுகிறார்களாம். அறுப்பதே இல்லையாம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வாரம் சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன். தூங்கினேன் என்றால் பொய்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. அது இலங்கையில் இல்லை, வெளிநாட்டில் சிலருக்குச் செய்கிறார்கள், புதிய முறை என்பதால் பல வருஷம் கழித்து எப்படி என்று இன்னும் தெரியாது என்றார். நான் ட்ரையரில் தேயிலை காய வைக்கிறவன். சூடு எனக்குத் தெரியும். நடுவில் துளி ஈரம் நின்றால் அன்றைக்குத் தெரியாது. பெட்டிக்குள் போனபிறகு பூஞ்சணம் பிடிக்கும்.

"நடுவுல கொஞ்சம் சுடாம விட்டுப்போச்சுன்னா என்னாங்க டொக்டர்?"

"விட்டுப்போகலாம் ஐயா. அதுதான் பிறகும் ரத்தம் சோதிச்சுக்கொண்டே இருக்கவேணும்."

அதுவரை சரி. பிறகு நான் கொண்டுபோன தோட்டத்து டிஸ்பென்சரி மருந்துத் துண்டுகளைப் புரட்டினார். ஒரு துண்டில் நின்றுவிட்டார்.

"ஒரு வருஷமா முழங்கால் வலியோ? அப்ப நோய் எலும்புக்குப் போயிட்டுதோ எண்டு பார்க்கவேணும். போயிருந்தால் இந்த அல்ட்ராசவுண்டை யோசிக்கவே ஏலாது."

எனக்கு முழங்கால் வலியே இல்லை!

எங்கள் டிஸ்பென்சரி வரிசையை நீங்கள் பார்க்கவேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்கள் முன்னால் நாலு பேர், பின்னால் பத்துப் பேர். நான் வாய் திறந்தால் எல்லோருக்கும் கேட்கும். சிறுநீர் சொட்டுச் சொட்டாய்ப் போகிறது என்று அங்கே எப்படிச் சொல்வது? போன வருஷம் என் முறை வந்தபோது வாயில் வந்தது, "முழங்கால் வலிங்க." ஒரு போத்தல் தைலம் தந்தார்கள். பிறகும் போனேன். பிறகும் முழங்கால்தான்.

அதை இப்போது மனைவிக்கு முன்னால் சொல்லவேண்டியதாயிற்று. டொக்டர் பேனாவை எடுத்தார். பொய்யோ மெய்யோ, எலும்பு ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்று கொழும்புக்குக் கடிதம் எழுதினார். அதற்கு இன்னும் மூன்று வாரம்.

பஸ்ஸில் எங்கள் ஊர் ஸ்பிரிங்வெளிக்குத் திரும்பினோம். இறங்கும்போது மனைவி கேட்டாள்.

"அப்ப ஒரு வருஷமா நல்ல காலுக்கா தைலம் தேச்சிவிட்டேன்?"

பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல. நான் என்னா, வரிசையில நிக்கிறவளா?"

இந்த வெட்கத்தை வைத்துக்கொண்டு நாம் எதைக் காப்பாற்றுகிறோம்? வெளியே பரவாமல் வைத்தது பேச்சைத்தான். உள்ளே ஒரு வருஷத்தில் எது எங்கே பரவியதோ...

மறுநாள் காலை எங்கள் லயத்து வீட்டுப் படி இறங்கும்போது இடது முழங்கால் நிஜமாகவே வலித்தது. திரும்பிப் போய் மனைவியிடம் சொன்னேன்.