என் கணவர் காருக்குள் ஒளித்த வயர்

என் கணவரின் அண்ணா, நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், கனடாவிலிருந்து வரும்போதெல்லாம் இரண்டு சூட்கேஸ் நிறையச் சாமான் கொண்டுவருவார். அவற்றில் எங்களுக்குத் தேவையானது ஒன்றும் இருக்காது. ஒருமுறை பனிக்குப் போடுகிற கையுறைகள் கொண்டுவந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் நான் அவற்றை அடுப்பிலிருந்து சட்டி இறக்கப் பாவித்தேன். யுத்தம் கடைசிக் கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வருடம் அவர் ரேடார் பிடிக்கிற பெட்டி ஒன்றோடு வந்து இறங்கினார்.

பொலிஸ்காரர் தெருவோரம் மறைந்து நின்று வாகனங்களின் வேகத்தை அளக்கிறார்களே, அந்தக் கருவியின் ரேடார் அலையை இந்தப் பெட்டி தூரத்திலேயே மோப்பம் பிடித்துக் கீச்சிடும். சாரதி உடனே வேகத்தைக் குறைத்துத் தப்பிவிடலாம். அத்தான் அதை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, கனடாவின் பெருந்தெருக்களில் தான் பறந்த கதைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த என் கணவரின் முகத்தில் எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் காணாத ஒரு வெளிச்சம் இருந்தது.

எங்களிடம் இருந்தது பதினெட்டு வயதான ஒரு ஜப்பான் கார். கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகிற காலி வீதியில் அதை மூன்றாம் கியருக்கு மாற்ற இடம் கிடைத்தால் அது நல்ல நாள். வெள்ளவத்தையில் ஏறினால் பம்பலப்பிட்டியில் ஒரு சோதனைத் தடை, கொள்ளுப்பிட்டிக்குள் இன்னும் இரண்டு. எங்களை அளக்க எந்தப் பொலிஸ்காரரும் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கத் தேவையில்லை. நடுத்தெருவில் நின்று கையைக் காட்டி நிறுத்தி, இறக்கி, அடையாள அட்டையையும், கொழும்பில் இருக்கிற தமிழர் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டையும் வாங்கிப் பார்க்கிறவர்களுக்கு எங்கள் வேகம் பூச்சியம் என்பது நன்றாகவே தெரியும். இதை நான் அத்தானிடம் சொன்னேன். அவர் சிரித்தார். கனடாவுக்குப் போனவர்களுக்கு எங்கள் கஷ்டம் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. என் கணவர் சிரிக்கவில்லை. பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியோடு ஒரு வயரும் இருந்தது. அதைக் காரில் சிகரெட் பற்றவைக்கிற துளையில் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் அத்தானுக்கு அது பிடிக்கவில்லை. வயர் தொங்கினால் வடிவில்லையாம். கனடாவில் அவர் பியூஸ் பெட்டியிலிருந்தே கரண்ட் எடுத்து, வயர் வெளியில் தெரியாமல் கூரைத் துணிக்குள்ளால் இழுத்திருக்கிறாராம். அப்படிச் செய்தால்தான் அது காரோடு சேர்ந்த சாமான் மாதிரி இருக்குமாம். இந்தப் பாடத்தை எடுத்துவிட்டு அவர் விமானம் ஏறிவிட்டார். அதை நடத்திக்காட்டுகிற பொறுப்பு ஒரு காப்புறுதிக் கம்பனியில் பைல் பார்க்கிற என் கணவர் தலையில் விழுந்தது.

எங்கள் ஒழுங்கையின் முனையில் வாகன வயர் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக், பாஸ் என்று சொல்வோம், இருந்தார். அவரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் கண்டபடி வெட்டிக் காரைக் கெடுத்துவிடுவார் என்று என் கணவர் சொன்னார். இதைச் சொன்ன மனுசன் அதற்கு முந்திய மாதம்தான் எங்கள் இஸ்திரிப்பெட்டியைத் திருத்தி, முழு மாடிக்குடியிருப்பையும் அரைமணித்தியாலம் இருட்டாக்கியிருந்தார்.

உண்மையில் எனக்கு இருந்த பயம் வேறு. அதைக் கடைசியில் வெளியே சொன்னேன்.

“இஞ்ச ஒரு தமிழன்ர காருக்குள்ள ஒளிச்ச வயர் இருந்தா என்ன நடக்குமெண்டு யோசிச்சனீங்களே?”

“நீர் எல்லாத்துக்கும் பயந்து சாகிறனீர்” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை மாடிக்குடியிருப்பின் முற்றத்தில் விட்டுவிட்டுத் தொடங்கினார். என்னைச் சாரதி இருக்கையில் இருத்தி, சொல்லும்போது திறப்பைப் போட்டுத் திருப்பவும் எடுக்கவும் வைத்தார். தான் என் காலடியில் மல்லாந்து கிடந்தபடி ஒரு சின்ன லைற்றின் முனையை ஒவ்வொரு பியூஸிலும் தொட்டுப் பார்த்தார். திறப்பைப் போட்டால் எரிந்து, எடுத்தால் அணைகிற பியூஸ் ஒன்று வேண்டுமாம். இல்லாவிட்டால் ரேடார் பெட்டி பகலிரவாகப் பற்றரியை உறிஞ்சிவிடுமாம். அந்தப் பியூஸைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணித்தியாலம் போனது. அது ரேடியோவின் பியூஸ். ரேடியோ பியூஸ் எது என்று பியூஸ் பெட்டியின் மூடியிலேயே எழுதியிருந்தது.

பிறகு வயரை முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணின் உறைக்குள்ளால் மேலே ஏற்ற வேண்டும். உறையைக் கழற்றும்போது கிளிப் ஒன்று உடைந்தது. அது உடையத்தான் வேண்டும் என்ற பாவனையில் அதைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார். பழைய ஏ.ரி.எம். அட்டை ஒன்றால் கூரைத் துணியின் விளிம்பைத் தள்ளித் தள்ளி, வயரை உள்ளே செருகி, பின்னால் பார்க்கிற கண்ணாடி வரைக்கும் கொண்டுபோய், அங்கே மாட்டிய பெட்டியில் சேர்த்தார். எர்த் வயரை ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஒரு போல்ற்றில் இறுக்கினார். வயர் மிஞ்சிப்போனது. வெட்டவும் மனமில்லை. அதைச் சுருட்டிக் கறுப்பு டேப்பால் சுற்றினார், மேலும் சுற்றினார், உருண்டு ஒரு தேசிக்காய் அளவுக்கு வரும்வரை சுற்றி, டாஷ்போட்டுக்கு அடியில் ஒட்டிவைத்தார். பிறகு எழுந்து நின்று, வயர் எங்காவது தெரிகிறதா என்று என்னைக் கேட்டார். எங்கும் தெரியவில்லை. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

அடுத்த ஒரு கிழமை முழுக்க, கார் ஓடும்போது அந்தப் பெட்டி கீச்சிட்டது ஒரே ஓர் இடத்தில்தான். கொள்ளுப்பிட்டியில் ஒரு பெரிய கடையின் கண்ணாடிக் கதவு, ஆட்கள் கிட்டப்போனால் தானாகத் திறக்கும். ஆட்களை அறிய அந்தக் கதவு விடுகிற அதேமாதிரி அலையைத்தான் பெட்டி பிடித்தது. அது கீச்சிட்டதும் என் கணவர், ஆமைபோல் போய்க்கொண்டிருந்த காரை இன்னும் மெதுவாக்குவார். யாரோ மரக்கறி வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள் என்று நான் சொல்வேன். அவர் பிறேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டார்.

அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனையில் இருந்த என் தங்கை வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் புறப்பட்டோம். கொள்ளுப்பிட்டி தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அது புதினமில்லை. அன்றைக்கு எஞ்சினையும் நிறுத்தச் சொன்னார்கள். பொனற்றையும் டிக்கியையும் திறந்து பார்த்தார்கள். அடையாள அட்டைகளில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டு, வழக்கமான கேள்விகளைக் கேட்டு, வழக்கம்போல அலுத்துப்போய், போகச் சொன்னார்கள். என் கணவர் திறப்பைத் திருப்பினார்.

கரண்ட் வந்ததும் அந்தப் பெட்டி தன்னைத்தானே சோதித்துப் பார்க்கும். நாலைந்து தரம் கீச்சிட்டு, சிவப்பு லைற்றுகளை வரிசையாக எரித்து அணைக்கும். யன்னலோரம் நின்ற சிப்பாய் ஒரே பாய்ச்சலாகப் பின்னால் போய்த் துவக்கை நிமிர்த்தினான். என் கணவர், நல்லெண்ணத்தோடுதான், அதை நிறுத்தக் கையை உயர்த்தினார். கையை அசைக்காதே என்று அந்தச் சிப்பாய் சிங்களத்தில் கத்தினான். இன்னொருவன் வந்து எங்கள் இருவரையும் இறக்கினான். குனிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே பார்த்தான். கறுப்பு டேப் சுற்றிய அந்த உருண்டையைக் கண்டான்.

அதற்குப் பிறகு தெரு வெறுமையானது. பின்னால் வந்த வாகனங்களைத் திருப்பினார்கள். எங்களை ஒரு மதிலோரம், தலைக்குமேல் கையோடு நிற்கவைத்தார்கள். ஒரு மணித்தியாலம் நின்றிருப்போம். என் கைகள் மரத்துப்போயின. எனக்குப் பக்கத்தில் என் கணவர் மதிலைப் பார்த்தபடி நின்றார். அந்த நேரத்திலும் எனக்கு அவர்மேல் இருந்தது ஆத்திரம்தான். நான் சொன்னேனே, சொன்னேனே என்று மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறொன்றையும் நினைக்காமல் இருக்க அது உதவியது.

இப்படியான சாமான்களைப் பார்க்கத் தெரிந்த ஓர் அதிகாரி வந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட நடுத்தர வயதுக்காரர். நிறைய நேரம் காருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, வெடிக்கிற சாமான் ஒன்றுமில்லை என்றார். முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அங்கே பொறுப்பாக நின்ற இன்ஸ்பெக்டருக்கு அது போதவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த, அலைகளைப் பிடிக்கிற கருவி. வயரை ஒளித்திருக்கிறார்கள். ஏன் ஒளிக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானும் கேட்டதுதான். ஆளைக் கொண்டுபோய் விசாரித்துவிட்டு விடுகிறோம், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றார்.

விசாரித்துவிட்டு விடுகிறோம் என்ற வார்த்தையை நம்பி வீட்டுக்குப் போய், பிறகு மாதக்கணக்காகப் புருஷனைத் தேடிப் பொலிஸ் கந்தோர், அரசாங்கக் கந்தோர் என்று அலைந்த பெண்களை எனக்குத் தெரியும். எங்கள் மாடிக்குடியிருப்பிலேயே ஒருவர் இருந்தார்.

அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவள் நான். சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. என் கணவருக்கு விளங்கும்; கதைக்க வேண்டிவந்தால் சந்தையில் மீன் வாங்குமளவுக்குத்தான் வரும். நான் இன்ஸ்பெக்டரை விட்டுவிட்டு மூக்குக்கண்ணாடிக்காரரைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டேன்.

“சேர், நீங்கள் வேலை தெரிந்தவர். அந்த வயரை இணைத்திருக்கிற விதத்தைப் பார்த்தீர்கள்தானே. இதைச் செய்தவருக்கு வேறு ஏதாவது செய்யத் தெரியும் என்று நினைக்கிறீர்களா?”

அவர் என்னைப் பார்த்தார். அவருடைய வாயோரம் கொஞ்சம் அசைந்தது. அதைக் கண்டபின் நான் நிறுத்தவில்லை. இஸ்திரிப்பெட்டிக் கதையைச் சொன்னேன். மூடியில் எழுதியிருந்த பியூஸை ஒன்றரை மணித்தியாலம் தேடிய கதையைச் சொன்னேன். கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் பிறேக் அடித்ததைச் சொன்னேன். கலியாணம் செய்த நாளிலிருந்து இந்த மனுசனோடு நான் படுகிற பாடு என்று, எங்கள் திணைக்களத்துப் பெண்கள் தேநீர் நேரத்தில் தங்கள் புருஷன்மாரைப்பற்றிச் சொல்கிற அதே தொனியில், அவர்கள் பாவிக்கிற அதே வார்த்தைகளில் சொன்னேன். முதலில் சிரித்தது துவக்கை நிமிர்த்திய அந்தச் சிப்பாய். பிறகு மற்றவர்கள். மூக்குக்கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, டேப் ஒரு சுருள் முழுக்க முடிந்திருக்கும் என்றார். கடைசியில் இன்ஸ்பெக்டரும் சிரித்தார். என் கணவர் கைகளை உயர்த்தியபடி மதிலோரம் நின்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

அவரைக் கையை இறக்கச் சொன்னார்கள். பெட்டியை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். வயரை இப்போதே, இங்கேயே கழற்றிவிட்டுப் போகலாம் என்றார் இன்ஸ்பெக்டர். ஒரு ஞாயிறு முழுக்க ஒளித்த வயரை என் கணவர் அத்தனை பேரும் சுற்றி நின்று பார்க்கப் பத்து நிமிடத்தில் பிடுங்கி எடுத்தார். இழுத்த இழுவையில் கூரைத் துணி ஒரு சாண் கிழிந்தது. எப்படிச் சுருட்ட வேண்டும் என்று சிப்பாய்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் தலையாட்டிக்கொண்டே சுருட்டினார்.

அங்கிருந்து காரை நான்தான் ஓட்டினேன். அவர் திறப்பை என்னிடம் தந்துவிட்டு மற்றப் பக்கம் ஏறியிருந்தார். கோட்டைப் பகுதியைத் தாண்டினோம். அதற்குப் பிறகு அவர் வெளியே பார்த்தபடி சொன்னார்:

“நீர் சிங்களத்தில இவ்வளவு நல்லாக் கதைப்பீரெண்டு எனக்குத் தெரியாது.”

அவரைக் காப்பாற்றத்தானே சொன்னேன் என்று சொல்ல வாய் உன்னியது. அது உண்மைதான். ஆனால் அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு ஒரு கட்டத்தில் பயம் விட்டுப்போயிருந்தது என்பதும், அதற்குப் பிறகும் நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன் என்பதும் உண்மை. வருடக்கணக்காக வீட்டுக்குள் வைத்திருந்த நக்கல் முழுவதையும் துவக்கு வைத்திருந்தவர்களுக்கு நானே எடுத்துக் கொடுத்திருந்தேன். அதைத் திருப்பி வாங்க முடியாது. கியரை மாற்றினேன்.

கொட்டாஞ்சேனையில் தங்கை சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு வாசலில் நின்றாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் முந்திக்கொண்டு, வழியில் சரியான சனம் என்றார். கையைக் கழுவிக்கொண்டு மேசைக்கு வந்தார். தங்கை கணவாய்க் கறி போட்டாள். நல்ல ருசி என்று சொல்லி இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.