பாட்டு முடியும்போது கூடும் வேகம்

ஒரு மனிதரை நடக்க வைத்த தாளமே அவரைக் கீழே தள்ளினால், அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? தாளம் போட்டவரா, அதற்கேற்ப அடியெடுத்து வைத்தவரா, அவர்கள் இருவரையும் ஓர் அறைக்குள் கொண்டுவந்து சேர்த்தவரா? கல்முனைப் பக்கத்து வைத்தியசாலையொன்றில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்யும் எனக்கு, என் நோயாளி ஆதம்பாவா மாமாவின் மணிக்கட்டு முறிந்த அன்று இந்தக் கேள்வி எழுந்தது. இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

1. கம்புகள் வந்த விதம்

பார்க்கின்சன் என்றால் கை நடுக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நோயாளியை அதைவிட அதிகமாக வதைப்பது கால். நடந்துகொண்டிருப்பவருக்கு ஒரு வாசலைக் கண்டதும் இரு பாதங்களும் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடும். மனம் போ என்கிறது, கால் கேட்பதில்லை. அந்த நேரத்தில் வெளியிலிருந்து சீரான ஒரு தாளம் கேட்டால் பலருக்கு அடி எழும்புகிறது. இசையோடு சேர்ந்த அசைவுப் பயிற்சியின் அடிப்படை இதுதான்.

பல்கலைக்கழகத்தில் படித்ததை அப்படியே செய்யலாம் என்று எண்ணி, முதலில் ஒரு ஸ்பீக்கரையும் கைபேசியில் சேமித்த பாட்டுகளையும் கொண்டுபோனேன். இரண்டாவது வாரமே ஒருவரின் மகன் என்னைச் சற்று ஓரமாக அழைத்தார்.

"மிஸ், எங்கட வாப்பா ஹஜ் செஞ்சி வந்தவர். மியூசிக் போட்டு ஆட விடுறீங்க எண்டு ஊரெல்லாம் கதையாக் கிடக்கு."

பின்னால் கதிரையில் இருந்த தகப்பன் சொன்னார்: "கை சும்மாவே ஆடிக்கிட்டுக் கிடக்கு மனே. அதுக்கு மியூசிக் என்னத்துக்கு?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அடுத்த வாரம் அவர் வரவில்லை. நானும் ஒரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. அந்த மகனின் சங்கடம் எனக்குப் புரியாததல்ல. அவருடன் வாதாடி வெல்வது என் வேலையில்லை, அவருடைய வாப்பாவை மீண்டும் வகுப்புக்கு வரச்செய்வதுதான் என் வேலை என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் பொல்லடி நினைவுக்கு வந்தது. கல்யாண ஊர்வலங்களில் எங்கள் ஆண்கள் வட்டமாகச் சுற்றி வந்து கம்போடு கம்பு தட்டி ஆடுவது; ஊர்வலம் எங்கள் வீட்டைக் கடக்கும்போது பார்த்ததோடு சரி. நடுவில் அண்ணாவியார் நின்று அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். குரலும் கம்பும் போதும், வாத்தியம் இல்லாமலே நடத்தலாம். எவருக்கும் குறை சொல்ல ஒன்றுமிருக்காது.

மருதமுனையில் ஒரு குழுவை நடத்தும் உதுமாலெப்பை அண்ணாவியாரின் ஒத்திகைக்கு ஒரு நாள் மாலை அஸர் தொழுகைக்குப் பின் போனேன். இரண்டு பாட்டுகளின் தொடக்கத்தைக் கைபேசியில் பதிந்து தாளத்தை எண்ணினேன். என் நோயாளிகளின் இயல்பான நடைக்கு மிக நெருக்கமாக இருந்தது. வீடு திரும்ப வேண்டிய நிந்தவூர் பஸ் போய்விடும் என்று, பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து வந்துவிட்டேன். தேடியது கிடைத்துவிட்டது என்ற திருப்தி எனக்கு.

2. கொண்டக்டரின் வாசல்

அண்ணாவியார் சம்பளம் எதுவும் கேட்காமல் வந்தார். ஏழு பேர் சேர்ந்தார்கள், வராமல் நின்றுபோன அந்த வாப்பாவும் உட்பட. முதலில் கதிரையில் இருந்தபடி கம்பு தட்டினோம், பிறகு நின்று, பிறகு மெல்ல வட்டமாக நடந்து. காலை மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்து ஒன்பதரைக்குத் தொடங்குவோம். பத்து நிமிடமானதும் நான் கையைத் தூக்குவேன். பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் அங்கே நின்றுவிடும்.

அந்த ஏழு பேரில் ஒருவர் ஆதம்பாவா மாமா. சாய்ந்தமருதுக்காரர், பிரைவேட் பஸ்ஸில் கொண்டக்டராக வேலை செய்தவர். பயிற்சி தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும் என்ன வேண்டும் என்று கேட்பது வழக்கம். பலர் நடுக்கம் நிற்க வேண்டும் என்பார்கள். இவர் கேட்டது வேறு.

"எனக்குப் பள்ளி வாசலால உள்ளுக்குப் போகணும் புள்ள. தனிய. அவ்வளவுதான்."

"இப்ப போறல்லையா மாமா?"

"எப்படிப் போற? ஜும்மாவுக்கு எனக்குப் பின்னால அம்பது பேர் நிக்காங்க, நான் வாசல்ல மரம் மாதிரி. 'உள்ளுக்கு ஏறுங்க, ஏறுங்க, வாசல்ல நிக்காதீங்க' எண்டு இந்த ரோட்டெல்லாம் கத்தின வாய் இது. இப்ப என்னப் பாத்து மத்தவங்க கத்துறாங்க."

நோன்புப் பெருநாளுக்குப் பின் அவர் பள்ளிக்கே போகவில்லை. மருமகன் தோளைப் பிடித்து உள்ளே கொண்டுபோக ஆயத்தமாக இருந்தார்; இவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. இவருடைய பைலில் பயிற்சியின் இலக்கு என்ற இடத்தில் "வாசலைத் தனியே கடத்தல்" என்று எழுதினேன்.

ஐந்தாவது வாரம், அண்ணாவியார் பாடிக்கொண்டிருக்க, எங்கள் பிரிவின் வாசலை அவர் நிற்காமல் கடந்தார். கடந்ததும் திரும்பிப் பார்த்து, "டிக்கட் எடுத்தாச்சா?" என்று என்னைக் கேட்டார்.

3. விழுந்த நாள்

எங்கள் வைத்திய நிபுணர் வகுப்பைப் பார்க்க வந்த நாள் அது. அவர் நல்ல அபிப்பிராயம் சொன்னால் வகுப்பை வாரத்துக்கு இரண்டாக்கலாம் என்ற ஆசை எனக்கிருந்தது. பத்து நிமிடம் முடிந்தது. அவர் கதவோரம் நின்று கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கவில்லை.

பொல்லடிப் பாட்டு முடிவை நெருங்கும்போது அண்ணாவியார் வேகத்தைக் கூட்டுவார். கம்புகள் பொரி வெடிப்பதுபோல் ஒலித்து, உச்சத்தில் ஒரே சத்தத்தோடு நிற்கும். எந்த அண்ணாவியாரும் அப்படித்தான் முடிப்பார். இத்தனை வாரமும் நான் பாதியில் நிறுத்திவிட்டதால் அந்த முடிவை எங்கள் அறை கேட்டதில்லை. அன்று ஒரு விருந்தினரின் முன் பாட்டை அரைகுறையாக விடுவது மரியாதையில்லை என்று நினைத்த உதுமாலெப்பை அண்ணாவியார், அதை முறைப்படி முடிக்கத் தொடங்கினார்.

பார்க்கின்சன் உள்ளவருக்கு வேகம் கூடும்போது அடி நீளாது. குறுகும். குறுகிய அடிகள் ஒன்றையொன்று துரத்த, உடம்பு முன்னால் சரியும். ஆதம்பாவா மாமாவின் அடிகள் குறுகுவதை நான் கண்டேன். கண்டபின் மூன்று, நான்கு வினாடிகள் இருந்தன. நிறுத்துங்கள் என்று சொல்ல அது போதும். ஆனால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நோயினால் இறுகிப்போன முகங்கள் மலர்வதை நிபுணர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். இந்த வாக்கியத்தை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை.

அவர் வலது கையை ஊன்றி விழுந்தார். கம்பு கையிலேயே இருந்தது.

எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போட்டு முடியும்போது அவருடைய மகள் ஜெஸ்மின் வந்து சேர்ந்தார். அவர் ஆசிரியை. சத்தம் போடவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"எங்கட வாப்பாவ வைத்தியத்துக்குத்தான் மிஸ் அனுப்பினோம். கூத்துக் காட்டுறத்துக்கு இல்ல."

4. அறிக்கை

நோயாளி விழுந்தால் சம்பவ அறிக்கை எழுத வேண்டும். என்னுடன் வேலை செய்யும் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஆலோசனை சொன்னார்: "நோயாளி சமநிலை இழந்து விழுந்தார் எண்டு எழுதுங்க. அது பொய்யில்லையே."

பொய்யில்லைதான். ஆனால் அந்த வாக்கியத்தில் தாளமும் இல்லை, நானும் இல்லை. அதை வாசிக்கும் அடுத்த பிசியோதெரபிஸ்டுக்கு எதுவும் தெரிய வராது. மறுபக்கம், உண்மையை முழுதாக எழுதினால் வகுப்பை மூடிவிடுவார்கள். மற்ற ஆறு பேருக்கும் கிடைப்பது போய்விடும். ஒரு பகல் முழுதும் இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன். பிறகு முழுதாக எழுதினேன்: வேகம் கூடியது, அறிகுறியைக் கண்டேன், நிறுத்தவில்லை, இடுப்புப் பட்டி போட்டுப் பிடித்து வர ஒருவரை ஏற்பாடு செய்திருக்கவில்லை.

வகுப்பு நிறுத்தப்பட்டது. ஒழுங்கான பாதுகாப்பு ஏற்பாட்டைக் காட்டினால் மீண்டும் யோசிக்கலாம் என்று நிபுணர் சொன்னார்.

அண்ணாவியார் மறுநாள் கம்புகளைத் துணியில் சுற்றிக்கொண்டு போக வந்தார். "என்ட பிழைதான் மகள். முடிக்காம உட்டிருக்கணும்," என்றார்.

"முடிவு எப்படி இருக்கும் எண்டு நான் உங்களக் கேக்கல்லையே. அதுதான் பிழை."

"நீங்க கேட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டன். இதெல்லாம் சொல்ற விசயமா? பொல்லடி எண்டா அப்பிடித்தானே முடியும்."

அவர் சொன்னது சரி. அவருக்கு அது மூச்சு விடுவதுபோல். எனக்குத் தெரியாதது எது என்பதே எனக்குத் தெரியாதிருந்தது.

5. சாய்ந்தமருதில்

இரண்டு வாரம் கழித்து ஆதம்பாவா மாமாவின் வீட்டுக்குப் போனேன். திட்டு வாங்கும் எண்ணத்தோடு போனேன், வாங்கவும் செய்தேன். ஆனால் வேறு காரணத்துக்காக.

"ஒடைஞ்சது என்ட கை. அதுக்கு ஏன் புள்ள மத்த ஆறு பேர்ட காலையும் கட்டிப் போட்ட?"

"வாப்பா, சும்மா இரிங்க," என்றார் ஜெஸ்மின்.

"சும்மாதானே இரிக்கன். இருந்து இருந்து கதிரையே என்னில முளைச்சிட்டு."

எழுந்து சமையலறை வாசலுக்கு நடந்து காட்டினார். வாசலில் கால் ஒட்டிக்கொண்டது. ஐந்து வாரத்தில் பெற்றது இரண்டு வாரத்தில் போயிருந்தது. ஜெஸ்மின் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"மறுகா உழமாட்டார் எண்டு உங்களால சொல்ல ஏலுமா மிஸ்?"

"ஏலாது," என்றேன். "ஆனா உழுற அளவுக்கு வேகம் கூடாம நான் பாத்துக்கொள்ள ஏலும். நீங்களும் வந்து பக்கத்தில நில்லுங்க."

அவர் உள்ளே போனார். தேநீர் கொண்டுவந்து வைத்தபின்தான், "சனிக்கிழமையா இருந்தா எனக்கு ஸ்கூல் இல்ல," என்றார்.

வேகம் கூடாமல் பாடுவது அண்ணாவியாருக்குத்தான் கடினமாக இருந்தது. கைபேசியில் மெட்ரோனோம் போட்டு அவரைப் பழக்கினேன். முடிவு நெருங்கும்போது அவர் கை தன்னால் விரையும். மெட்ரோனோம் பின்தங்கி டக், டக் என்று அடிக்கும்.

"இந்தப் பொட்டி எனக்கு அண்ணாவியா?" என்று முறைத்தார். அவருடைய குழுப் பொடியன்கள் வேறு, "அண்ணாவியார், பெட்டரி இறங்கிட்டா?" என்று கேலி செய்தார்கள்.

கடைசியில் வழியை அவரே கண்டார். இறுதி வரியை விரைவாக்காமல் நீட்டிப் பாடுவது. ஒவ்வொரு தட்டுக்கும் இடையே ஓரடி கூடுதலாக விட்டு, இரண்டு பாதமும் தரையில் பதிந்த பின்னரே கடைசித் தட்டு. அப்படி முடிகிற பொல்லடியை நான் எங்கும் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. நிபுணர் கேட்ட பாதுகாப்பு ஏற்பாட்டில் முதல் அம்சமாக அதைத்தான் எழுதினேன். மாவுக்கட்டு வெட்டிய வாரத்தில் வகுப்பு மீண்டும் தொடங்கியது, சனிக்கிழமைகளில்.

பள்ளி வாசலில் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஜெஸ்மினின் கணவர் சொல்லக் கேட்டேன். வகுப்பு மீண்டும் தொடங்கி இரண்டு மாதம் கழித்து ஒரு ஜும்மாவுக்கு, அவர் ஓரடி தள்ளி வர, மாமா தனியே நடந்து போயிருக்கிறார். வாசலில் கால் நின்றுவிட்டது. பின்னால் இருந்த ஒருவர் கை கொடுக்க முன்வந்திருக்கிறார். "அவசரப்படாதீங்க தம்பி, எனக்கு இன்னும் தாளம் வரல்ல," என்று சொல்லிவிட்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, வலது காலை எடுத்து உள்ளே வைத்திருக்கிறார். அடுத்த வெள்ளி அவரால் முடியவில்லையாம், மருமகனின் தோளைப் பிடித்துத்தான் போனாராம். அதற்கடுத்த வெள்ளி மீண்டும் தனியே. இந்த நோயில் முன்னேற்றம் இப்படித்தான் வரும். அவர் பைலில் இலக்கு நிறைவேறியது என்று எழுதாமல், "பெரும்பாலும்" என்று எழுதியிருக்கிறேன்.

ஒவ்வொரு வகுப்பிலும் இப்போது நோயாளிக்கு ஒருவர் வீதம் வீட்டார் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவரின் அடி குறுகினால் அறையில் உள்ள எவரும் நிறுத்தச் சொல்லலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை. பார்வையாளர்கள் வரும் நாளில் புதிதாக எதையும் செய்வதில்லை. எந்தப் பாட்டையும் வகுப்புக்குள் கொண்டுவருமுன் அதைப் பாடுகிறவரின் முன் அமர்ந்து கடைசித் தட்டு வரை கேட்கிறேன். அதற்காக பஸ்ஸை விட வேண்டியிருந்தால் விட்டுவிடுகிறேன்.