ஆடிச் செவ்வாயில் ஒரு கல்யாணம்

பெங்களூர் கார்மெண்ட்ஸில் தைத்துத் தைத்து முதுகு போன பிறகு, சுந்தரி தினமும் ரயில் ஏறுவதை நிறுத்திவிட்டு, தன் ஊரில் நந்திதுர்க் தங்கச் சுரங்கத் தொழிலாளர் படிப்பகத்தைக் கவனித்துக்கொண்டாள். காலையில் பேப்பர் போடுவாள். கல்யாணம், காதுகுத்துக்குக் கூடத்தை வாடகைக்கு விடுவாள். சுரங்கத்தில் கல்தூசியைச் சுவாசித்துச் செத்தவர்கள் சந்தா போட்டுக் கட்டிய கூடம் அது. துரைமார் குடித்த கிளப் பாரம்பரியச் சின்னமாம். தொழிலாளி படித்த இடம் வெறும் இடிபாடாம்! சுரங்க நிர்வாகம் இடிக்க ஒப்பந்தமும் கொடுத்துவிட்டது. ஒரே நிபந்தனை, நிகழ்ச்சி நடக்கும் நாளில் கை வைக்கக் கூடாது.

ஆனி முழுக்கக் கல்யாணங்கள். ஒப்பந்தக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. ஆடி பிறந்தால் எவன் தாலி கட்டுவான்? ஆஷாடம் என்று கன்னடக்காரர்களும் வர மாட்டார்கள். முதல் செவ்வாயே இடிக்கும் மிஷின் வரும் என்று சொல்லியனுப்பினார்.

பக்கத்து லைன் வீட்டுக் காத்தவராயன் ஒரு வழி சொன்னார். "வாசல்ல ஒரு சூலத்த நட்டுட்லாம் சுந்தரி. அப்பால எவன் தொடுவான்?"

"கூடம் நிக்கும்ணா. உள்ள யாரு படிக்கிறது, ஆத்தாளா? மொதல்ல செருப்ப வெளிய வுடுன்னுவீங்க. அப்பால ஆளையே வெளிய நில்லுன்னுவீங்க."

அன்று மதியமே பஜாருக்குப் போனாள். மளிகைக்கடை துளசிராமன் மனைவியை இழந்தவர். புருஷனை இழந்த சுந்தரியைக் கட்டிக்கொள்ள வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கும் ஆசைதான். ஐயர் வேண்டாம் என்பாள், சரி என்பார். முகூர்த்தமும் வேண்டாம் என்பாள். உடனே பஞ்சாங்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்.

"வர்ற செவ்வாக்கெழம நமக்குக் கல்யாணம். காலைல ஒம்பதரைக்கு."

பருப்பு அள்ளிய கை அந்தரத்தில் நின்றது. "ஆடியிலயா? அதுவும் எமகண்டத்துல, சுந்தரிம்மா!"

"மொத தபா நல்ல நேரம் பாத்துத்தானே ரெண்டு பேரும் கட்னோம்? அவுங்க ரெண்டு பேரும் எங்க?"

துளசிராமன் அள்ளிய பருப்பை மூட்டையிலேயே கொட்டினார். "மழ வரும். பந்தலாச்சும் போட்லாமா?" என்றார்.

செவ்வாய்க்கிழமை கூடம் நிறைந்து வழிந்தது. பாதிப் பேர் வாழ்த்த வந்தார்கள். மீதிப் பேர் என்ன கேடு விளைகிறது என்று பார்க்க வந்தார்கள். மிஷினும் வந்தது. எமகண்டம் கழித்துத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவேன் என்று ஒப்பந்தக்காரர் டிரைவர் சிவகுமாரை மட்டும் முன்னால் அனுப்பியிருந்தார்.

சிவகுமார் போன் போட்டான். "சார், இங்க கல்யாணம் நடக்குது."

"ஆடியிலயா? காலைலயே குடிச்சிகிறியாடா?"

"பொண்ணு மாலையோட எதிர்ல நிக்குது சார். சாப்ட்டுப் போன்னுது."

கையெழுத்தைப் பதிவு ஆபீசில் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று மாலை மாற்றினார்கள். மாலை போட்டதும் துளசிராமன் அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா பாக்குறீங்க?"

"கூர உறுதியாத்தான் கீது, சுந்தரிம்மா" என்றார், ஆச்சரியத்தோடு.

பந்தியில் உட்கார்ந்த சிவகுமார், இலையை எடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. சுந்தரி சாம்பார் வாளியோடு அந்தப் பக்கம் வந்தபோது மெல்லக் கூப்பிட்டான்.

"அக்கா, எங்க ஊட்ல தை வரைக்கும் எனக்கு நாளே இல்லன்றாங்க. அதுக்குள்ள நான் நெனச்சிகிற பொண்ண வேற எடத்துல குடுத்துடுவாங்க. நாளிக்குக் கூடம் காலியா?"

"காலிதான். பொண்ணு கிட்ட கேட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"மொதல்ல போய்க் கேட்டுட்டு வா. மிஷினு இங்கியே நிக்கட்டும், நான் பாத்துக்கறேன்."