ஈரத் துணி போட்ட நாட்கள்

பெங்களூர் சிவாஜிநகரிலிருந்து பஸ் பிடித்துப் போய் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் துப்புரவு வேலை பார்த்தேன். நான் துடைத்த தரையில் கால் வைக்க யோசிப்பார்கள். ஒரு குறை சொன்னதில்லை யாரும். லேசர் அறையிலும் திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு மணிக்கு ஈரத் துணி போடுவேன்.

அந்த அறையில் சேலத்துப் பெண் ஒருத்தி டாக்டர் பட்டத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் வைத்திருந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. நீண்ட அலையாம். இதை வைத்து என்னதான் செய்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். வேலையை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னாள். அணு தன் எலக்ட்ரானைச் சுவர் கட்டினாற்போல் பிடித்து வைத்திருக்கிறது. பலமான ஒளி அந்தச் சுவரைச் சாய்த்து மெலிதாக்குகிறது. குட்டை அலை சட்டென்று மாறிவிடும். நீண்ட அலை மெதுவாக அசைவதால், சுவர் சாய்ந்தபடியே கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும்.

"மேல ஏறிக் குதிச்சுப் போறதில்லம்மா. செவுரு மெலிசா இருக்கிறப்ப ஊடால நழுவிப் போயிடுது."

அலை எதிர்ப்பக்கம் திரும்பும்போது, போன எலக்ட்ரான்களில் சில திரும்பி வந்து அதே அணுவில் மோதுமாம். கோபித்துக்கொண்டு போன மருமகள் மாதிரியா என்று கேட்டேன். சிரித்தாள்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குச் சிரிப்பே இல்லாமல் போயிற்று. எலக்ட்ரான் எண்ணிக்கை ஒரு நாள் சரியாக இருந்தது, மறுநாள் பாதிக்கும் கீழே விழுந்தது. மாதக் கடைசிக்குள் நிலைப்படாவிட்டால் நீண்ட அலை வேலையையே விட்டுவிடு என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். இரண்டு வருஷ உழைப்பு அது. ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிகளைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள்.

ஒரு வியாழக்கிழமை அவள் தோழியிடம் போனில் பேசியது, வராந்தாவில் துடைத்துக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. செவ்வாயும் வியாழனும் சரியாக இருக்கிறது, திங்கள், புதன், வெள்ளியில்தான் கெடுகிறது என்றாள். காற்றில் ஈரம் இருந்தால் நீராவி இந்த ஒளியைக் குடித்துவிடும், ஆனால் அறையின் ஈரத்தைத்தான் ஏசி எடுத்துவிடுகிறதே என்றாள்.

என் கை நின்றுவிட்டது.

அந்த லேசர் அறைக் கதவில் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஒட்டிய அன்றைக்கே மேற்பார்வைக்காரர், படித்தீர்களா என்று கேட்டார். தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பவள் நான். ஆனாலும் தலையாட்டியிருந்தேன்.

அவள் போனை வைக்கும்வரை நின்றேன்.

"பாப்பா, நீ சொன்ன நாளுங்கள்ல நான்தான் உள்ள ஈரத் துணி போடுறேன். கதவுல எழுதியிருக்கிறது எனக்குப் படிக்க வராது."

உள்ளே ஈரத் துணி போடக்கூடாது என்றுதான் அதில் எழுதியிருக்கிறது என்று அவள் படித்துச் சொன்னாள். நாற்காலியை இழுத்து என்னை உட்காரச் சொன்னாள்.

மறுநாள் காலை வெறும் துணியால் துடைத்தேன். எண்ணிக்கை நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு, சோதித்துப் பார்க்க, எப்போதும் போல ஈரமாகத் துடையுங்கள் என்று அவளே சொன்னாள். நான் துடைக்கத் துடைக்கத் திரையில் கோடு இறங்கியது. ஒளி கொஞ்சம் மங்கினாலே போதுமாம், வெளியே வரும் எலக்ட்ரான் வெகுவாகக் குறைந்துவிடுமாம்.

அதற்கப்புறம், தினமும் எண்ணிக்கையைக் குறித்து வைத்த நோட்டை எடுத்தாள். பஸ் ஓடாத நாள், காய்ச்சலில் நான் வராத நாள், வராந்தாவோடு திரும்பிவிட்ட நாள் எல்லாம் எனக்கு நினைவிருந்தது. ஈரத் துணி போட்ட நாட்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் அந்தப் பக்கங்களின் குறுக்கே கோடு போட்டுக்கொண்டே வந்தாள். மிச்சமிருந்ததைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சாருகிட்ட காட்ட இது போதும்மா" என்றாள்.