டச்சப் இல்லாத தெரு

என் தங்கைக்கு ஊரில் ‘டச்சப்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு சரி. போட்டோ ஸ்டூடியோவில் வேலை. கல்யாணப் பெண்ணின் முகப்பருவை அழிப்பாள், வழுக்கை மாப்பிள்ளைக்கு முடி நட்டுவிடுவாள், முறைத்துக்கொண்டு நிற்கும் மாமனாரைக்கூட சிரிக்க வைத்துவிடுவாள். தன் படத்தையும் விடமாட்டாள். அவளுடைய பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்தால் கூடப்பிறந்த எனக்கே யாரோ மாதிரி இருக்கும்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயை நம்பித்தான் தெருக்காரர்கள் என்னை வார்டு தேர்தலில் நிற்க வைத்தார்கள். காரணம் ஒன்றே ஒன்று, சாக்கடை. மழை பெய்தால் எங்கள் தெருவில் முழங்காலளவு சாக்கடைத் தண்ணீர். தங்கை வீட்டுக்காரருக்கு நடக்க வராது, சக்கர நாற்காலிதான். சிறுநீரகமும் கெட்டுப்போனதால் வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். மழை நாளில் நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். ஒருநாள் ஒருவருக்குக் கால் வழுக்க, மனுஷன் அப்படியே சாக்கடையில் விழுந்தார். அடுத்த மழைக்கு, “நான் வரல, விட்டுடுங்க” என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். போகாவிட்டால் உயிர் போய்விடும். கெஞ்சிக் கூத்தாடித்தான் கிளப்பினோம்.

மேடை போட எங்களிடம் வசதி ஏது? “போன் இருக்குல்ல அக்கா, போதும்” என்றாள் டச்சப். பேஸ்புக்கில் எனக்கொரு பக்கம், தெருவுக்கொரு வாட்ஸ்அப் குழு என்று ஆரம்பித்தாள். மாடியிலிருந்து தெருவைப் படம் எடுத்து, ‘பாருங்கள் எங்கள் தெருவின் லட்சணத்தை’ என்று முதல் பதிவைப் போட்டாள். வேனை நிறுத்திவிட்டுப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாக்கடைத் தண்ணீர் நீலமாக மின்னியது. குப்பைமேட்டைக் காணோம்.

“அடிப்பாவி! என்னடி பண்ணி வெச்சிருக்க?”

“ஐயோ அக்கா... குப்பையப் பாத்தாலே கை தானா அழிச்சிடுது. பழக்கம்.”

அதற்குள், மறுபடியும் தேர்தலில் நிற்கும் பழைய கவுன்சிலர் அந்தப் படத்தை எடுத்து, ‘என் வார்டின் அழகை ஊருக்குக் காட்டிய சகோதரிக்கு நன்றி’ என்று போட்டுவிட்டார். உடனே அதை எடுத்துவிட்டு, திருத்தாத படத்தைப் போட்டோம். ‘இந்தக் குப்பைதான் கம்ப்யூட்டரில் செய்தது’ என்று கவுன்சிலரின் ஆட்கள் சிரித்தார்கள். ஸ்டூடியோக்காரி போட்டால் யார் நம்புவார்கள்?

டச்சப் அழவில்லை. “இனிமே படமே வேணாம். லைவ்தான். அதுல என் கை நுழையாது” என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளாகப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“என்னைத் தூக்கிட்டுப் போறத ஊரே பாக்கணுமா?”

“பாக்கணும்ங்க.”

சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். “அப்ப நீயும் வா. இப்ப இருக்கிற மாதிரியே வா” என்றார்.

போனை நான் பிடித்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம், முகத்தில் ஒட்டிய ஈரமுடி, தொடைவரை சகதி. அந்தக் கோலத்தில் நாற்காலியைப் பிடித்தபடி நடந்துகொண்டே பேசினாள். “இவர் என் வீட்டுக்காரர். வைத்தியத்துக்குப் போறார். இந்தத் தண்ணி கம்ப்யூட்டர்ல வரைஞ்சது இல்ல. நம்பாதவங்க வந்து இறங்கிப் பாருங்க.” சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு.

இரண்டாவது நாளே சாக்கடைக் குழாய் பதிக்கக் கவுன்சிலர் மண் தோண்டும் இயந்திரத்தை அனுப்பிவிட்டார். எனக்குப் புரிந்துபோயிற்று.

“நம்ம வாயில மண்ணள்ளிப் போட வந்துட்டான்டி! இப்பவே போய் நிறுத்தறேன்.”

டச்சப் வழியை மறித்தாள். “யார் தோண்டினா என்னக்கா? குழி நம்ம வாசல்லதானே விழுது.”

“தேர்தல் முடிஞ்சதும் பாதியில போட்டுட்டு ஓடிடுவான்.”

“ஓட விட்டாத்தானே!”

விடவில்லை. தினமும் ஸ்டூடியோவுக்குக் கிளம்பும் முன் குழியோரம் நின்று லைவ் போட்டாள். எத்தனை குழாய் வந்தது, எத்தனை சாக்கடை மூடி பாக்கி, எல்லாம் சொன்னாள். அவள் தலையைக் கண்டாலே மேஸ்திரி லாரிக்குப் பின்னால் பதுங்குவார். கவுன்சிலர் ஒருநாள் போஸ் கொடுக்க வந்தார். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, “மீதி மூடி எப்ப வரும்னு ஐயாவே சொல்வார்” என்றாள். வேறு வழியில்லாமல் தேதி சொன்னார். ஓட்டுப்பதிவுக்கு முன்பே வேலை முடிந்தது.

நான் பயந்தபடியே ஆயிற்று. ‘கடைசியில செஞ்சு குடுத்துட்டாரே’ என்று ஜனம் அவருக்கே குத்தியது. தோற்றுப்போனேன். ஓட்டு எண்ணிய இடத்திலிருந்து நானும் டச்சப்பும் வேனில் திரும்பும்போது மழை கொட்டியது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“தினமும் லைவ் போட்டு அவனை ஜெயிக்க வெச்சதே நீதான்டி.”

“ஆமாக்கா. தெரிஞ்சேதான் போட்டேன்” என்றாள். நான் வேனை இன்னும் வேகமாக விரட்டினேன்.

தெருமுனையில் வேனை நிறுத்தினேன். கொட்டுகிற மழையில் பெரிய குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். தங்கை வீட்டுக்காரர்.

“தோத்துட்டீங்களாமே அண்ணி. நேர்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லலாம்னு வந்தேன்.”

“இந்த மழையில உங்களை யாரு மாப்ளே தூக்கிட்டு வந்தது?”

“யாரும் தூக்கல அண்ணி. நானேதான் வந்தேன்.”